நுரைத்ததெல்லாம் சிப்பிக்கல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார மாணவர் பக்கத்தில், கல்லின் மேல் தேசிக்காய்ப் புளி விட்டு நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த என் பேரன் அன்று பின்னேரமே கல்லடிக் கடற்கரைக்குப் போய் ஒரு கல்லோடு வந்தான். அலை உருட்டி மழுக்கிய கல், உள்ளே சிப்பித் துண்டுகள். புளி விட்டதும் மெல்ல நுரைத்தது. "அம்மப்பா, சிப்பிக்கல்!" என்றான். சிப்பி ஓடுகள் இறுகி உண்டான சுண்ணாம்புக்கல் என்று நினைத்துவிட்டான்.

"மனே, மற்றப் பக்கத்தையும் பார்" என்றேன். அந்தப் பக்கம் பலகை வைத்து வார்த்தது போலத் தட்டை. உடைந்த ஓரத்தில் கருங்கல் சல்லி, நடுவே துருப்பிடித்த கம்பித் தடம். கொங்கிறீட்! கடல் மண்ணைக் குழைத்தால் சிப்பி கிடக்கத்தானே செய்யும். காற்றுப்பட்டுப் பழசான சீமெந்திலும் சுண்ணாம்புக்கல்லில் உள்ள அதே கல்சியம் காபனேற்று உண்டாகும், அதுதான் நுரைத்தது. 2004 கடல்கோளில் இந்தக் கரையில் எத்தனை வீடுகள் போயின. எந்த வீட்டுத் தூணோ.

ஆகவே புளிக்கு முன்னே கண்ணுக்கு வேலை கொடுங்கள். முருகைக்கல் (பவளப்பாறைத் துண்டு) என்றால் சிறு குழிகள் நெருக்கமாக இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு குழியிலும் மெல்லிய தகடுகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நட்சத்திரம் போல ஓடும். சிப்பிக்கல்லின் உடைந்த முகத்தில் ஓடுகளின் வளைகோடுகள் தெரியும். இரண்டையுமே கத்தி கீறும், கருங்கல்லை இலேசில் கீறாது. கீறிய தூளில் புளி விட்டால் நுரை நன்றாகத் தெரியும். கடல் மணல் இறுகி உண்டான கல்லில் மணிகளை ஒட்டியிருக்கும் பசைதான் பெரும்பாலும் நுரைக்கும். வினாகிரியில் ஊறவிட்டால் பசை கரைந்து வெறும் மணல் மிஞ்சும்.

இன்னொன்று. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் பல பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலத்தது, அங்கே நிலத்தின் அடியே அதுதான். மட்டக்களப்பில் அடிப்பாறை அதைவிட மிகப் பழைய பளிங்குருப் பாறை. இங்கே கரையில் கிடைக்கும் முருகையும் சிப்பியும் பிந்திய காலத்தில் கடல் போட்டவை. யாழ்ப்பாணத்துக் கல்லையும் இந்தக் கரைக் கல்லையும் மாணவர் பக்கத்தில் ஒரே படத்தின் கீழ் போட்டுவிட்டீர்கள்.

அடுத்த இதழில் திருத்தம் போடும்போது, எங்கள் மாவட்டத்துப் பாசிக்குடாக் கடற்கரையில் ஒதுங்கும் முருகைக்கல்லை அங்கேயே பார்த்துவிட்டு வைத்துவிடச் சொல்லுங்கள். கரையோரம் பேணல் சட்டத்துக்கு 1988 இல் வந்த திருத்தத்தின்படி, கரையோர வலயத்தில் அதைப் பொறுக்குவதும் கொண்டுபோவதும் குற்றம். பிள்ளைகளுக்கு இது தெரியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு