டாசிட்டஸும் வெண்கலத் தகடுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸைப் பற்றி வெளியான கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். ஆனால், "சினமும் சார்பும் இன்றி எழுதுவேன்" என்று, ரோமப் பேரரசர்களின் வரலாற்றைப் பல நூல்களாகப் பகுத்துச் சொல்லும் 'அன்னல்ஸ்' என்ற தம் படைப்பின் தொடக்கத்தில் அவர் தந்த வாக்கை அப்படியே ஏற்றுக்கொண்டு, நடுநிலைக்கே அவர் இலக்கணம் எனக் கட்டுரையாளர் போற்றியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. ஆய்வாளர்கள் நமக்குக் காட்டும் டாசிட்டஸ் இதைவிடச் சிக்கலானவர். என் மதிப்பில், இதைவிடப் பெரியவரும்கூட.

முதலில் ஒரு திருத்தம். நாட்டைப் பாழாக்கிவிட்டு அதற்கு அமைதி என்று பெயரிடுகிறார்கள் என்ற புகழ்பெற்ற வாசகத்தை, ரோமப் பேரரசைப் பற்றி டாசிட்டஸே அளித்த தீர்ப்பாகக் கட்டுரை மேற்கோள் காட்டுகிறது. 'அக்ரிகோலா' நூலில் அது, பிரிட்டனின் வடபகுதியில் ரோமர்களை எதிர்த்து நின்ற கால்ககஸ் என்னும் தலைவன் தன் வீரர்களிடம் ஆற்றும் உரையில் வருகிறது. அந்தத் தலைவனைப் பற்றி வேறு எந்தப் பண்டைய நூலும் பேசவில்லை. அந்த நூலோ, அவனை வென்ற அக்ரிகோலாவை, அதாவது டாசிட்டஸின் மாமனாரைப் போற்றுவதற்காக எழுதப்பட்டது. எதிரியின் வாயில் இவ்வளவு வலிமையான சொற்களை வைத்த எழுத்தாளரின் உள்ளம் ஆராயத்தக்கதுதான். எனினும் யார் வாய்ச்சொல் என்பதைக் கூறாமல் மேற்கோள் காட்டினால் அந்த ஆராய்ச்சிக்கே வழியில்லாமல் போகிறது.

டாசிட்டஸ் எழுதியதை உரசிப் பார்க்க இரண்டு வெண்கல ஆவணங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. கட்டுரை இரண்டையுமே குறிப்பிடாதது பெருங்குறை. முதலாவது, 1528-இல் பிரான்சின் லியோன் நகரில் கண்டெடுக்கப்பட்ட தகடு. கி.பி. 48-இல் கால் (பெரும்பாலும் இன்றைய பிரான்ஸ்) நாட்டுப் பெருமக்களை ரோமின் ஆட்சி மன்றமான செனட்டில் சேர்ப்பது குறித்துப் பேரரசர் கிளாடியஸ் பேசிய உரையின் ஒரு பகுதி அதில் உள்ளது. இத்தாலியின் பண்டைய மக்களான எத்ருஸ்கர்களின் பழங்கதை வரை நெடுந்தொலைவு சுற்றிவிட்ட பேரரசர், பேச்சு எங்கே போகிறது என்பதை இனியாவது அவையோருக்குச் சொல் என்று தம்மையே பெயர் சொல்லி அழைத்துக்கொள்கிறார். 'அன்னல்ஸ்' பதினோராம் நூலில் உள்ள அதே உரையில் இந்தத் தடுமாற்றம் இல்லை. வாதத்தின் சாரத்தை வைத்துக்கொண்டு, சுருக்கி, வரிசை மாற்றி, கூர்மையாக்கித் தந்திருக்கிறார் டாசிட்டஸ்.

இரண்டாவது ஆவணமே என்னை மிகவும் ஈர்ப்பது. கி.பி. 19-இல் பேரரசர் டைபீரியஸின் வளர்ப்பு மகன் ஜெர்மானிக்கஸ் சிரியாவின் அந்தியோக்கியாவில் இறந்தபோது, அவருக்கு நஞ்சிட்டதாக அம்மாநில ஆளுநர் பைசோ மீது பழி விழுந்தது. வழக்கு முடிவதற்குள் பைசோ இறந்தார். இது பற்றிய செனட் தீர்மானம் பொறித்த தகடுகள் 1980-களின் பிற்பகுதியில் தெற்கு ஸ்பெயினில் வெளிப்பட்டு, 1996-இல் முழுமையாகப் பதிப்பிக்கப்பட்டன. டைபீரியஸின் தாய் லிவியாவின் வேண்டுகோளால்தான் பைசோவின் மனைவி பிளான்சினா தப்பினாள் என்று டாசிட்டஸ் எழுதியிருந்தார். தீர்மானமும் அதையே வெளிப்படையாகச் சொல்கிறது. பைசோவின் மூத்த மகன் தன் முதற்பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற செய்தியும் ஒத்துப்போகிறது. ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது. டாசிட்டஸின் வரிசைப்படி வழக்கு கி.பி. 20 மே மாத இறுதிக்குள் முடிந்திருக்க வேண்டும்; தீர்மானத்தின் நாளோ அதே ஆண்டு டிசம்பர் 10. இந்த இடைவெளியை எப்படி விளக்குவது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

நாள் வேறுபாட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஜெர்மானிக்கஸின் அஸ்தி ரோமுக்கு வந்தபோது டைபீரியஸும் லிவியாவும் வெளியே வரவில்லை. வெளிப்படையாக அழுவது தங்கள் மாட்சிமைக்கு இழுக்கு என நினைத்தார்களோ, அல்லது எல்லோரும் தங்கள் முகத்தை உற்றுப் பார்த்தால் பொய்த்துயரம் தெரிந்துவிடும் என அஞ்சினார்களோ என்று இரண்டு காரணங்களை டாசிட்டஸ் தருகிறார். எதையும் அவர் உறுதிப்படுத்துவதில்லை. இருந்தும் இரண்டாவதுதான் படிப்பவர் மனத்தில் தங்குகிறது. செனட் தீர்மானமோ, துயரத்தை முடித்துக்கொண்டு பொதுமக்களின் நல்வாழ்வுக்குப் பொருந்திய முகத்தை நாட்டுக்குத் திருப்பித் தருமாறு பேரரசரை இறைஞ்சுகிறது! ஒரே முகத்தை அரச ஆவணம் ஒருவிதமாகவும் டாசிட்டஸ் வேறுவிதமாகவும் படித்திருக்கிறார்கள். தீர்மானம் உண்மை, டாசிட்டஸ் பொய் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பெரும் பிழை. பேரரசரைப் புகழ்வதற்கென்றே செதுக்கிய சொற்கள் அவை. மாநிலத் தலைநகரங்களிலும் படைகளின் குளிர்காலப் பாசறைகளிலும் அவற்றை நிறுத்த வேண்டும் என்று அந்த ஆவணமே ஆணையிடுகிறது. தாமே செனட்டராகவும் கி.பி. 97-இல் கான்சல் என்னும் உயர் ஆட்சிப் பதவியிலும் இருந்த டாசிட்டஸுக்கு அந்த மொழி எப்படி உருவாகிறது என்பது நன்றாகவே தெரியும். செனட்டின் பதிவேடுகளை அவர் நேரடியாகப் பயன்படுத்தினார் என்று வரலாற்றாய்வாளர் ரொனால்ட் சைம் 1958-இல் வெளியான தம் பேராய்வில் வாதிட்டதையும் இங்கே நினைவுகூர வேண்டும். செய்திகளைத் தேடுவதில் அவர் நேர்மையாளர். அவற்றை அடுக்கும் விதத்தில் வழக்குரைஞர்.

'அன்னல்ஸ்' நமக்கு முழுமையாகக் கிடைக்கவும் இல்லை. முதல் ஆறு நூல்களுக்கு ஆதாரம் ஒன்பதாம் நூற்றாண்டின் ஒரே ஒரு கையெழுத்துப் படி. பேரரசர் கலிகுலாவின் ஆட்சியைப் பேசிய பகுதி முழுவதும் தொலைந்துவிட்டது. தகடுகளோடு ஒப்பிடும் ஆய்வு இந்த நிலையில் மேலும் தேவையாகிறது.

இந்தத் தொடரில் அடுத்த கட்டுரை வருமானால், பைசோ பற்றிய செனட் தீர்மானத்தின் சில பகுதிகளையும் 'அன்னல்ஸ்' மூன்றாம் நூலின் அதே இடங்களையும் தமிழில் அருகருகே வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்