இண்டென்டேஷன்: எல்லாரும் எடிட்டரை மாற்றிக்கொள்ளவும்

வணக்கம். இனி நம் ரெப்போவில் (கோட் களஞ்சியத்தில்) இண்டென்டேஷனுக்கு, அதாவது வரித் தொடக்க இடைவெளிக்கு, 4 ஸ்பேஸ்தான், டேப் வேண்டாம். மேக்ஃபைல் (பில்ட் கட்டளைகள் உள்ள கோப்பு) மட்டும் விதிவிலக்கு. அதில் கட்டளை வரி டேபில் தொடங்காவிட்டால் 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று நின்றுவிடும்.

விஎஸ் கோட்: செட்டிங்ஸில் 'டேப் சைஸ்' 4, 'இன்சர்ட் ஸ்பேசஸ்' ஆன். இவ்வளவு செய்தும் சில கோப்புகளில் டேபே விழுகிறதா? 'டிடெக்ட் இண்டென்டேஷன்' செய்யும் வேலை அது. கோப்பில் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து உங்கள் அமைப்பை ஓரங்கட்டிவிடும். அணைத்துவிடுங்கள். 'ரெண்டர் வைட்ஸ்பேஸ்' என்பதை 'ஆல்' என்று வைத்தால் ஸ்பேஸ் புள்ளியாகவும் டேப் அம்பாகவும் தெரியும். தேடும் நேரம் மிச்சம்.

விம் எடிட்டர்: டேபை ஸ்பேஸாக்கும் 'எக்ஸ்பேண்ட்டேப்' மட்டும் போதாது. இண்டென்டேஷன் அளவான 'ஷிஃப்ட்விட்த்' இயல்பாக 8, அதையும் 4 ஆக்குங்கள்.

பழைய கோப்புகள் தாமாக மாறாது. விஎஸ் கோடின் கமாண்ட் பேலட்டில் 'கன்வர்ட் இண்டென்டேஷன் டு ஸ்பேசஸ்' கொடுங்கள். பைத்தானில் இதை அரைகுறையாக விட்டால் ஒரே பிளாக்கில் இரண்டும் கலந்து 'டேப்எரர்' வரும்.

முக்கியம்: இந்த மாற்றத்தைத் தனி கமிட்டாகப் போடுங்கள். லாஜிக் மாற்றத்தோடு கலந்தால் டிஃபில் (மாற்றங்களின் ஒப்பீட்டில்) கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டும், ரிவ்யூ செய்பவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கமிட்டுக்கு முன் 'கிட் டிஃப்'புடன் '-டபிள்யூ' (சிறிய எழுத்து) சேர்த்துப் பாருங்கள். அது இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காது, அதனால் ஒன்றும் வரக்கூடாது.