ஊர் இழந்த ஓநாய்கள்

லாஹ்தி,
அக்டோபர் கடைசி

அன்புள்ள செல்வம்,

மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசானது. படி ஏறுவதில் மட்டும் அவசரப்படாதே. இங்கே பகல் சுருங்கிவிட்டது, கால்பந்து சீசனும் முடிகிறது. பனிக்குப் பயந்து ஏப்ரலில் தொடங்கி இலையுதிர் காலத்தோடு முடித்துவிடுகிறார்கள்.

பின்லாந்தில் லீக் எப்படி என்று கேட்டிருந்தாய். பெயர்களே குழப்பும். மேலே இருப்பது வெய்க்கவுஸ்லீகா. வெய்க்கவுஸ் என்பது அரசின் பந்தய நிறுவனம், 1992 முதல் லீக்குக்கு அதன் பெயர்தான். அதற்குக் கீழே இருந்த இரண்டாவது டிவிஷனுக்குப் பல காலம் 'யுக்கோனென்' என்று பெயர். அதாவது 'ஒன்று'! 2024ல் நடுவே யுக்கோஸ்லீகா என்று ஒன்றைச் செருகியதால், அந்த 'ஒன்று' இப்போது மூன்றாவது டிவிஷன்.

சரி, நான் எழுத நினைத்தது பழைய கதை. சாம்பியன் பட்டம் 1908லேயே வந்துவிட்டது. ஆனால் அப்போது கப் முறை, ஒரு ஆட்டம் தோற்றால் வெளியே. லீக் வந்தது 1930ல்தான். அதிலும் நாட்டின் எல்லா அணிகளும் இல்லை. 1918ல் பின்லாந்தின் உள்நாட்டுப் போரில் தொழிலாளர் தரப்பான 'சிவப்பு' அணி தோற்றது. அந்தப் பக்கம் நின்ற தொழிலாளர் கிளப்புகளை ஒதுக்கிவிட்டார்கள். அவர்கள் 1919ல் டி.யு.எல். என்று தனி விளையாட்டுச் சங்கம் தொடங்கி, தங்களுக்கென்று தனிப் பட்டமே நடத்தினார்கள். ஒரே தெருப் பையன்கள் இருவர், அப்பா எந்தப் பக்கம் நின்றார் என்பதற்காக வேறு வேறு பட்டத்துக்கு ஆடியிருப்பார்கள். 1940களின் கடைசியில்தான் எல்லோருக்கும் ஒரே லீக் அமைந்தது. டாம்பெரேயின் தொழிலாளர் கிளப் டி.பி.வி. 1994ல் நாட்டின் சாம்பியன் ஆனது என்று படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் வீபுரி. கிழக்கு எல்லையில் இருந்த பெரிய நகரம். 1939 நவம்பரில் சோவியத் படை வந்தது. 1940 மார்ச்சில் சமாதான ஒப்பந்தத்தோடு ஊர் கைவிட்டுப் போனது. அந்தப் பகுதியிலிருந்து நாலு லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். அந்த வருஷம் நாட்டின் சாம்பியன் யார் தெரியுமா? சூதெத். வீபுரி கிளப். சூதெத் என்றால் ஓநாய்கள். மைதானமும் ஊரும் எல்லைக்கு அந்தப் பக்கம், பட்டம் மட்டும் இவர்கள் கையில். பட்டியலில் அந்த வரிக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1941ல் ஊர் திரும்பக் கிடைத்தது. 1944ல் மறுபடி போனது, அப்படியே போய்விட்டது.

வீபுரியின் இன்னொரு கிளப் ரெய்பாஸ். அது வந்து சேர்ந்தது எங்கள் லாஹ்திக்கு. 1963, 1967, 1970 என்று மூன்று முறை சாம்பியன். நீ நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப் சட்டையில் பார்த்து ரசித்த யாரி லித்மானென் வளர்ந்தது இந்த ரெய்பாஸில்தான்! என் பக்கத்து வீட்டுப் பெரியவர் சின்ன வயதில் அப்பாவோடு ரெய்பாஸ் ஆட்டத்துக்குப் போவாராம். அவருடைய அப்பா கடைசி வரை அதை லாஹ்தி அணி என்று சொன்னதே இல்லையாம். "நம்ம ஊர்ப் பையன்கள்" என்றுதான் சொல்வாராம்.

1996ல் ரெய்பாஸும் கூசூசி என்ற உள்ளூர்ப் போட்டி கிளப்பும் சேர்ந்து எஃப்.சி. லாஹ்தி ஆகிவிட்டன. அந்த அணியின் ஆட்டத்துக்குத்தான் நான் போய்வருகிறேன். அந்தப் பெரியவரும் கூட வருவார்.

ஏப்ரலுக்குள் உன் மூட்டு தேறிவிடும். மே மாதம் கிளம்பி வா, மூன்று பேருமாகப் போவோம். கம்பளிச் சட்டை நான் தருகிறேன். மங்கையையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி