ரோட்டுக்கு மணந்த வாசம்

ஹப்புத்தளை
ஆகஸ்ட் மாதம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் கஞ்சாச் செடி வளர்க்கிறேன் என்று நீ சொன்னதும் நான் பேசாமல் போனை வைத்துவிட்டேன். அன்று முழுக்க அம்மா என்னோடு சண்டை. இங்கே ஒரு செடி வைத்தாலும் பொலிஸ் வந்துவிடும், அது உனக்கே தெரியும். கனடாவில் நீ இருக்கிற ஒன்டாரியோவில் 2018 ஒக்டோபரிலிருந்து ஒரு வீட்டுக்கு 4 செடி வளர்க்கலாம் என்று தங்கச்சி படித்துக் காட்டினாள். சரி. நீ அதைக் குடிப்பதில் எனக்கு இன்னும் விருப்பமில்லை. ஆனால் மறைக்காமல் சொன்னாய், பூவுக்கு வாசம் கூட்டுவது எப்படி என்று என்னிடம் கேட்டாய். 34 வருஷம் டீ பெக்டரியில் கிடந்தவன் அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

கூட்டாளி சொன்னான் என்று தொட்டியில் சீனிப்பாணியும் தோடம்பழச் சாறும் ஊற்றினாயாமே. இனி ஊற்றாதே. வேர் அந்த வாசத்தை உறிஞ்சிப் பூவுக்குக் கொண்டுபோகாது, எறும்புதான் வரும். தோடம்பழ வாசம் வேண்டுமென்றால் அப்படி மணக்கிற சாதியாகப் பார்த்து விதை வாங்கு. பழத்தோலில் இருக்கிற லிமோனீன் என்ற வாச எண்ணெய் சில சாதிகளின் பூவிலேயே ஊறும். பூவின் மேல் பனி பூத்த மாதிரி பிசுபிசுவென்று சின்னச் சின்ன மயிர் நிற்குமே, வாசமெல்லாம் அதன் தலையில்தான். சும்மா சும்மா தொட்டுப் பார்க்காதே.

இப்போது இங்கே வறண்ட கச்சான் காற்று. கொழுந்து குறைவு, ஆனால் ஊவா டீக்கு வாசம் ஏறுகிற காலம் இதுதான். அந்த வாசத்தில் லினலூல் என்று ஒன்று இருக்கிறது, உன் செடியிலும் அது உண்டு. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். சாதியும் வெயிலும் காற்றும் கொடுப்பதைக் கொடுத்துவிடும். பறித்த பிறகு அதைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி டிரையரில் சூட்டைக் கூட்டிவிட்டேன். ரோட்டில் போனவர்கள் எல்லாம் இன்றைக்கு என்ன மணம் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். எனக்கோ பெருமை. விடிந்ததும் பெரிய டீமேக்கர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, “எல்லாம் ரோட்டுக்கு மணந்துவிட்டது, கோப்பைக்கு மிச்சமில்லை” என்றார். வாசம் என்பது எண்ணெய், சூடு பட்டால் பறந்துவிடும்.

நீ போன வருஷம் ஹீட்டர் பக்கத்தில் தொங்கவிட்டு மூன்றே நாளில் காய வைத்தாய். காய்ந்த புல் மாதிரி மணக்கிறது என்று நீதான் சொன்னாய். இந்த முறை இருட்டறையில் தொங்கவிடு. 18 டிகிரி போல இருக்கட்டும், காற்றில் ஈரப்பதம் 60 வீதம் அளவில் நிற்கட்டும். ஃபேன் நேராகப் பூவில் அடிக்கக் கூடாது. பத்து நாள், இரண்டு வாரம் ஆகும். கொழுந்தை வாட்டும்போது நாங்கள் கையில் அள்ளி அமுக்கிப் பார்ப்போமே, அதுபோல நீ சின்னக் காம்பை வளைத்துப் பார். படக்கென்று ஒடிந்தால் சரி.

அப்புறம் கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி போட்டு மூடி வை. இரண்டு மூன்று வாரத்துக்குத் தினமும் கொஞ்ச நேரம் திறந்துவிட வேண்டும். திறக்கும்போது மூக்கைக் கிட்டே கொண்டுபோ. நெடி அடித்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, வெளியே எடுத்துப் பரப்பு. பூஞ்சணம் கண்டால் யோசிக்காமல் வீசிவிடு. போத்தலைப் பூட்டி வை, பேத்தி எட்டிப் பிடிக்கிற இடத்தில் ஒருநாளும் இருக்கக் கூடாது. இதை அம்மா இரண்டு தரம் எழுதச் சொன்னாள்.

அடுத்த கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை அங்கே வருகிறது. அரைக் கிலோ டீத்தூள் கொடுத்துவிடுகிறேன், இந்தக் காற்றில் பறித்த கொழுந்து. அதை உன் போத்தல்கள் இருக்கிற அலமாரியில் வைக்காதே. டீ எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

அன்புடன்,
அப்பா