எங்கள் பூனைக்கும் ஒரு சாப்பாட்டுச் சீட்டு எழுதிக் கொடுங்கள்

நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் பூனை மணி மூன்று நாள் எதையும் தொடாமல் கிடந்தான். மூன்றாம் நாள் காலையில் காதை மடித்துப் பார்த்தேன். உள்பக்கம் மஞ்சள் பூத்திருந்தது. உதட்டை விலக்கினால் ஈறும் மஞ்சள். பட்டினியால் ஈரலில் கொழுப்பு படிந்துவிட்டது என்றார்கள். அதன்பிறகு பத்து நாள், ராத்திரி அலாரம் வைத்து எழுந்து, துண்டில் அவனைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைசலை வாயோரம் விட்டேன். பாதி என் புடவையில் வழியும். அவன் விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்குவதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த சொட்டு.

இது ஏன் வந்தது? நாலு வருஷமாக அவனுக்குக் கடைப் பையில் வரும் ட்ரை ஃபுட் மட்டும்தான். அதில் ஈரம் பத்து சதவீதம் இருந்தால் அதிகம். கறியிலும் மீனிலும் எழுபதுக்கு மேல். பூனை தாகமெடுத்துத் தேடிப் போய்க் குடிக்கிற பிராணி இல்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைசியில் மூத்திரம் அடைத்துக்கொண்டு மண் தட்டில் உட்கார்ந்து கத்தினான். மூத்திரம் இறங்கக் குழாய் (கதீட்டர்) போட்டுக் காப்பாற்றினார்கள். அந்த மருத்துவருக்கு இன்றைக்கும் நன்றிதான். ஆனால் "இனிமேல் வீட்டிலேயே கோழி, மீன் அவிச்சுக் குடுக்கலாமா சார்?" என்று கேட்டதற்கு, "மனுசச் சாப்பாடெல்லாம் பழக்காதீங்கம்மா" என்று சொல்லி வேறொரு பையை எடுத்து நீட்டினார். அந்த நோய்க்கு அந்தப் பைதான் சரி என்றால், ஏன், எத்தனை நாளைக்கு என்று சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். அதையும் சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பையை மூடி வைத்துவிட்டு ஒரே நாளில் கோழிக்கு மாற்றினேன். அவன் தொடவே இல்லை; அந்த மூன்று நாள் பட்டினி அப்படி வந்ததுதான். தப்பு என்னுடையது. பழைய சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே, புதியதைக் கூட்டிக்கொண்டே, ஒரு வாரம் பத்து நாள் எடுத்து மாற்ற வேண்டும் என்றும், பூனை இரண்டு நாள் தின்னாவிட்டாலே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும் என்றும் இப்போது தெரியும். இரண்டே வாக்கியம். அன்றைக்கே சொல்லியிருக்கலாம் இல்லையா?

நான் கேட்பது ஒன்றுதான். சாப்பாட்டுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள், தமிழில். இந்த எடைக்கு எவ்வளவு கறி, அதில் ஈரல் எவ்வளவு, கால்சியத்துக்கு என்ன செய்வது, எத்தனை நாளில் மாற்றுவது. ஒரு பக்கம் போதும்.

வீட்டுச் சாப்பாடு என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் தெருக்கோடி வீட்டில் ராஜபாளையம் குட்டி ஒன்று வாங்கி, எலும்பில்லாத கோழியும் சோறுமாகவே வளர்த்தார்கள். நாலாம் மாதம் முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்துவிட்டது. கறியில் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் அநேகமாக இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. "எங்க தாத்தா கம்பங்கூழ் ஊத்தித்தான் நாய் வளர்த்தாரு" என்கிறார் அந்த வீட்டுப் பெரியவர். தாத்தாவின் நாய் கூழோடு நின்றதா? வேட்டைக்குப் போய் முயலைத் தின்றது, எலும்பைக் கடித்தது. அந்தப் பாதியை நாம் மறந்துவிட்டோம்.

பூனைக்குக் கறியிலும் மீனிலும் இருக்கிற டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் இதயம் பலவீனப்படும், கண் போகும். கோழி இதயத்தில் அது நிறைய இருக்கிறது; ஆனால் அவித்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு கரைந்து போய்விடும். நான் இரண்டு வாரம் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பாக்கெட்டில்தான் எல்லாச் சத்தும் இருக்கிறது என்கிறீர்கள். அது முதலிலிருந்தே அப்படி இருந்ததா? கடையில் வாங்கிய உணவையே தின்ற பூனைகளுக்கு டாரின் குறைந்து இதயம் வீங்கியதை 1987-இல் கலிபோர்னியாவில் கால்நடை மருத்துவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் நிறுவனங்கள் டாரினைக் கூட்டின. கம்பெனியின் தப்பைத் திருத்திய உங்கள் படிப்பு, எங்கள் சட்டியில் இருக்கிற தப்பை மட்டும் ஏன் திருத்த மறுக்கிறது? போகிற கிளினிக்கில் எல்லாம் உங்கள் மேசைக்குப் பின்னால் அலமாரி நிறையப் பைகள். அதில் பொடி எழுத்து ஆங்கிலம். மாசம் ஒரு பைக்கே திணறுகிற வீடுகள் எத்தனை! வாங்க முடியாதவர்கள் வெறும் தயிர்சாதத்தைப் போடுகிறார்கள். தப்பாகப் போடுகிறோம் என்று திட்டுவதற்கு ஆள் இருக்கிறது, சரியாகப் போடச் சொல்லித்தர ஆள் இல்லை.

மன்னிக்க வேண்டும், கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை நாயும் பூனையும் பார்க்கிறீர்கள், கடி வாங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்க நேரம் இருக்காது. அதனால்தான் சீட்டு கேட்கிறேன். வெங்காயம், பூண்டு, திராட்சை ஆகாது. வேகவைத்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் தயமின் சத்துப் போகும். இவற்றையும் அதிலேயே அச்சடித்து வைத்தால் எடை எழுதுகிற இடம் மட்டும்தான் உங்கள் வேலை.

மணியின் காது பழையபடி வெளுத்துவிட்டது. கோழி இதயத்தைப் பொடியாக நறுக்கினால் சத்தம் கேட்டே ஓடி வருகிறான். வருகிற செவ்வாய்க்கிழமை அவனை மறுபரிசோதனைக்குத் தூக்கிக்கொண்டு உங்களில் ஒருவரிடம் வருவேன். அவன் என்ன தின்கிறான் என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து அதை வாங்கிப் பார்த்து, தப்பை அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பூனை வளர்க்கும் ஒருத்தி,
மதுரை.