சுண்டெலிக்குத் திரும்பிய பார்வையும் நம் கைக்கு வந்துவிட்ட சிகிச்சையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இழந்த பார்வையை மீட்கும் ஆராய்ச்சிகள் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை, பார்வை நரம்பை மெல்ல மெல்லச் சிதைக்கும் கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயுடன் நெடுங்காலமாக வாழ்ந்து வருபவள் என்ற முறையில் மிகுந்த ஆர்வத்துடன் படித்தேன். கட்டுரையில் பிழை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆயினும் அதே நோயுள்ள ஒருவர் அதைப் படித்துவிட்டு, "போன பார்வையே திரும்பிவிடுமாம், பிறகு எதற்கு இந்தச் சொட்டு மருந்து?" என்று என்னிடம் கேட்டபோது எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அந்தக் கவலையே இக்கடிதத்துக்குக் காரணம்.

கட்டுரை போற்றிய ஆய்வு 2020 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வந்தது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் மூன்று மரபணுக்களைச் சுண்டெலிகளின் விழித்திரைச் செல்களுக்குள் செலுத்தி, அச்செல்களை இளமை நிலைக்குத் திருப்பி, கண் அழுத்தத்தால் குறைந்த பார்வையை ஓரளவு மீட்டுக் காட்டினார்கள். அரிய சாதனைதான். ஆனால் அங்கே தேறியவை காயம்பட்டும் உயிரோடிருந்த செல்கள். மடிந்துபோன செல்கள் மீண்டு வரவில்லை. மனிதக் கண் ஒவ்வொன்றிலிருந்தும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் மூளைக்குச் செல்கின்றன. அவற்றில் அறுந்துபோனவற்றுக்குப் பதிலாகப் புதிய இழைகள் முளைத்து, பார்வை நரம்பு நெடுகிலும் வளர்ந்து, மூளையில் தத்தமக்குரிய இடத்தைத் தேடிப் பிடித்து இணைய வேண்டும். அதை மனிதரிடம் செய்துகாட்டும் சிகிச்சை இன்று இல்லை. வைட்டமின் பி3 வகையைச் சேர்ந்த நிக்கோட்டினமைடு பற்றியும் இதே எச்சரிக்கை தேவை. 2017இல் சுண்டெலிகளிடம் அது நல்ல பலன் தந்தது. மனிதரிடம் சோதனைகள் நடைபெற்று வருகின்றன. ஆனால் அந்தச் சோதனைகளில் தரப்படுவது மிக அதிக அளவு. அது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் யாரும் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது.

இந்த நோயின் கொடுமை, மருந்து போடுகிறவருக்கு எந்தப் பலனும் கண்ணுக்குத் தெரியாது என்பதே. தலைவலிக்கு மாத்திரை போட்டால் வலி போகிறது. கண்புரை எடுத்தால் மறுநாளே உலகம் பளிச்சென்று தெரிகிறது. இங்கோ, ஒழுங்காக மருந்து போட்டதற்குக் கிடைக்கும் பலன், பார்வை மேலும் கெடாமல் இருப்பது மட்டுந்தான். கண் எரிகிறது, சிவக்கிறது. சில மருந்துகளால் இமையைச் சுற்றிக் கருமை படர்கிறது. முதல் ஓராண்டுக்குள்ளேயே கணிசமானோர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருப்பதில் எனக்கு வியப்பில்லை. அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று கடிந்துகொள்வதும் நியாயமில்லை.

பார்வை இழப்பு கருந்திட்டாகத் தோன்றும் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், பார்வை போன இடத்தை மூளையே சுற்றுப்புறத்தைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. என் பார்வையின் கீழ்ப்பகுதியில் ஒரு துண்டு இல்லை; அங்கே இருட்டும் இல்லை, வெறுமையும் இல்லை. மாடிப்படியின் கடைசிப் படி தரையோடு தரையாகிவிடும். கால் அந்தரத்தில் தடுமாறும்போதுதான் அங்கே படி இருந்தது தெரியும். பார்வைப் புலப் பரிசோதனையிலும் அப்படித்தான். ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுப்புள்ளியையே உற்றுப் பார்த்தபடி, மங்கலான ஒளிப்பொட்டு தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நீண்ட நேரம் ஒன்றுமே தெரியாமல் கடக்கும்போது, ஒளி வரவில்லையா, வந்தும் எனக்குத் தெரியவில்லையா என்ற எண்ணத்தில் உள்ளங்கை வியர்த்துவிடும்.

ஆகவேதான், நாள்தோறும் மருந்து போடும் சுமையைக் குறைக்கும் முன்னேற்றங்களையே நான் பெரிதாக மதிக்கிறேன். அவை குறித்து நம் இதழ்களில் அதிகம் எழுதப்படுவதில்லை. பிரிட்டனில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 718 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முதலில் எஸ்எல்டி என்னும் லேசர் சிகிச்சையும், மற்றதற்கு முதலில் சொட்டு மருந்தும் தந்து ஒப்பிட்டார்கள். 2019இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளிவந்தன. லேசர் குழுவில் 74 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளுக்குப் பிறகும் சொட்டு மருந்து இல்லாமலே அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். அழுத்தத்தைக் குறைக்க அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் சொட்டு மருந்துக் குழுவில் 11 பேர்; லேசர் குழுவில் ஒருவர்கூட இல்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல், பொருத்தமான நோயாளிகளுக்கு இந்த லேசரையே முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் சல்லடைத் திசுவில் சில நிமிடங்கள் ஒளி பாய்ச்சுவதுதான் இது. படுக்கையில் சேர வேண்டியதில்லை. காலப்போக்கில் பலன் குறைந்தால் மீண்டும் செய்யலாம். எல்லோருக்கும் பொருந்தாது என்பது உண்மையே; ஆனால் எனக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்க, இப்படி ஒன்று இருப்பது முதலில் தெரிய வேண்டும் அல்லவா? கண்ணுக்குள்ளேயே தங்கி மாதக்கணக்கில் மருந்தைக் கசியவிடும் நுண்பதியங்களுக்கும் அமெரிக்காவில் 2020இலும் 2023இலும் ஒப்புதல் கிடைத்திருக்கிறது.

சொட்டு மருந்து போடுகிறவர்களுக்கு ஆராய்ச்சி தரும் ஆறுதலும் சிறிதன்று. கண் அழுத்தம் மிகுந்து, நோய் இன்னும் தொடங்காதவர்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருந்து போட்டவர்களில் ஐந்தாண்டுகளில் 4.4 விழுக்காட்டினருக்கே நோய் வந்தது. மருந்து போடாதவர்களில் அது 9.5 விழுக்காடு. கண் அழுத்தம் 21 மி.மீ. பாதரச அளவைத் தாண்டாவிட்டால் பயமில்லை என்ற எண்ணம் மட்டும் தவறு. ஜப்பானின் தஜிமி நகரில் நடந்த ஆய்வில், திறந்தகோண வகை (கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் கோணம் அடைபடாமல் திறந்தே இருக்கும் வகை) நோய் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த அளவுக்குள்தான் அழுத்தம் இருந்தது. பார்வை நரம்பைப் பார்க்காமல் அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது என்பது இதனால் விளங்கும்.

தங்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் இதுதான். இனி இத்தகைய ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது, அவை விலங்குகளிடம் நடந்தவையா மனிதரிடம் நடந்தவையா என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். போடுகிற மருந்தை நிறுத்த வேண்டாம் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். கண் மருத்துவர் ஒருவரைக் கொண்டு, சொட்டு மருந்து போடும் முறையைப் படத்துடன் ஒரு பக்கத்தில் விளக்கினால் பேருதவியாக இருக்கும். ஒரு சொட்டு போதும் என்பதும், போட்ட பிறகு கண்ணை மூடி மூக்கையொட்டிய மூலையை ஓரிரு நிமிடம் மெல்ல அழுத்தினால் மருந்து இரத்தத்தில் கலப்பது குறையும் என்பதும், இரண்டு மருந்துகளுக்கு நடுவே ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும் என்பதும் எத்தனையோ பேருக்குச் சொல்லித் தரப்படுவதே இல்லை. கண் அழுத்தத்தைக் குறைக்கத் தரப்படும் டிமோலால் சொட்டு மருந்து ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம் என்பதையும், ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தாமாக வாங்கித் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் கூடலாம் என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள். நோயாளியின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், அவர்கள் குறை எதுவும் தெரியாதபோதே கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். இதைப் படிக்க வேண்டியவர்களில் பலருக்குச் சிறிய எழுத்து தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி