இழுவை காந்தத்தில் மட்டும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் வாகனப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையொன்று, நிரந்தரக் காந்த மோட்டரின் முறுக்குவிசை (அச்சைத் திருப்பும் விசை) காந்தத்தின் பலத்தைப் பொறுத்தது என ஒரே வரியில் முடித்துவிட்டது. முச்சக்கர வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றித் தரும் இளைஞர்கள் சிலரும் "பெரிய காந்தம் போட்டால் சரி, ஐயா" என்றே என்னிடம் சொல்கிறார்கள். இது பாதி உண்மைதான்.

பஞ்சிகாவத்தையில் பழைய இரும்பு விலைக்கு வாங்கிய இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் காரின் ரோட்டர், அதாவது மோட்டரின் சுழலும் பகுதி, ஒன்று என் மேசையில் இருக்கிறது. அதன் மேற்பரப்பில் ஒரு காந்தமும் தென்படாது. மெல்லிய உருக்குத் தகடுகளை அடுக்கிய உருளைக்குள்ளே, துருவத்துக்கு இரண்டாக, எட்டுத் துருவங்களுக்குப் பதினாறு நியோடிமியக் காந்தங்கள் 'வி' வடிவில் செருகப்பட்டுள்ளன. காந்தப் பாயத்துக்கு, அதாவது காந்த விசைக்கோடுகளின் ஓட்டத்துக்கு, இந்தக் காந்தமும் ஏறத்தாழக் காற்றைப் போல ஒரு தடைதான் என்பதால், பாயம் ஒரு திசையில் சிரமப்பட்டும் மற்றத் திசையில் இரும்பினூடாக இலகுவாகவும் செல்கிறது. அந்த இலகுவான பாதையை, ரோட்டரைச் சுற்றியுள்ள மின்சுருள்களின் சுழலும் காந்தப் புலத்தோடு நேர்ப்படுத்த இரும்பு தானே திரும்ப முயலும். கட்டுப்பாட்டுக் கருவி சுருள்களின் மின்னோட்டத்தை ரோட்டரின் நிலைக்குச் சற்று முந்தவிட்டால், காந்தம் தரும் முறுக்குவிசையோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். மேற்பரப்பில் காந்தம் ஒட்டிய ரோட்டரில் இந்த இரண்டாவது பங்கு அநேகமாகக் கிடைப்பதில்லை.

வடிவமைப்பாளரின் உண்மையான தலையிடி, காந்தத்தின் முனைக்கும் ரோட்டரின் விளிம்புக்கும் இடையே விடப்படும் மெல்லிய இரும்புப் பாலம்தான். அதைத் தடிப்பாக விட்டால் பாயம் அதனூடாகக் கசிந்து முறுக்குவிசை குறையும். மெலிதாக்கினால் உயர் வேகத்தில் காந்தத்தைப் பிடித்துவைக்க இரும்புக்கு வலிமை போதாது. வெப்பமும் சும்மா விடாது: நியோடிமியக் காந்தம் நூறு பாகை சூடேறினால் தன் பலத்தில் ஏறத்தாழப் பத்திலொன்றை இழக்கும் என்பதைக் காலி வீதியின் நண்பகல் நெரிசலில் வாகனம் ஓட்டுபவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

நம் நாட்டில் மின்வாகன வரி மோட்டரின் கிலோவாற்றைக் கொண்டு கணிக்கப்படுவதால், விளம்பரங்களும் அந்த ஓர் எண்ணோடு நின்றுவிடுகின்றன. ஆனால் இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் மோட்டருக்கு வலு 50 கிலோவாற்று, முறுக்குவிசை 400 நியூட்டன் மீற்றர். மூன்றாம் தலைமுறையினுடையதோ 60 கிலோவாற்று, 207 நியூட்டன் மீற்றர் மட்டுமே. பின்னதை நிமிடத்துக்கு 13,500 சுற்றுகள் வரை சுழலவிட்டு, வேகத்தைக் குறைக்கும் பற்சில்லுத் தொகுதியின் மூலம் குறையை ஈடுசெய்தார்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டி எப்படி ஏறும் என்று கேட்கும் வாசகருக்குக் கிலோவாற்று மட்டும் விடை சொல்லாது.

ஆகவே தங்கள் வாகனப் பக்கத்தில் வலுவோடு முறுக்குவிசையையும், உச்சச் சுழற்சி வேகத்தையும், காந்தம் உள்ளே செருகப்பட்டதா மேலே ஒட்டப்பட்டதா என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப ஆசிரியர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.